உன் பக்கத்து வலை

சால்ட் லேக், கல்கத்தா,
நவம்பர் 1998

அண்ணன் வீட்டில் இருக்கும் என் கோபக்காரிக்கு,

நீ விட்டுப்போன மிளகாய்ச் செடிகளை உள்ளறையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். மேலே பழைய பாட்மிண்டன் வலையைக் குறுக்கே கட்டியாயிற்று. தலைதூக்குகிற கொழுந்தை வளைத்து அடுத்த கண்ணிக்குள் சொருகிவிட்டால் எல்லாம் ஒரே மட்டமாகப் படர்கிறது. எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். ஆபீஸிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொருகுகிறேன். ஆமாம், நானேதான்.

மேல்வீட்டு நந்திதா அக்கா நீ எப்போது வருவாய் என்று கேட்டபோது, துர்கா பூஜைக்கு வந்துவிடுவாய் என்றேன். பூஜையும் முடிந்தது.

கடைசியாகப் படுக்க வருபவர்தான் கொசுவலையைச் சொருக வேண்டும் என்று வைத்திருந்தோம். எப்போதும் அது நீதான். இன்றுவரை என் பக்கத்தை மட்டும்தான் சொருகுகிறேன். கொசு பிடுங்கி எடுக்கிறது.

முந்திப் படுத்துவிடுகிறவன்