கிளட்ச் கம்பி கிடார்

செஞ்சி
7-6-1964

மரியசெல்வத்துக்கு,

நீ அனுப்பிய கிடார் வந்தது. பஸ் கூரைமேல் மாம்பழக் கூடைக்கு அடியில் கிடந்தது. முதுகில் விரிசல், மூன்று கம்பி இல்லை. விரிசலை வஜ்ரம் காய்ச்சி ஒட்டினேன். கிடார் கம்பிக்குச் செஞ்சியில் எங்கே போவது? நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடையில் மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கம்பி ஒன்று கிடந்தது. அதைப் பிரித்து இழை இழையாகக் கட்டிவிட்டேன். பக்கத்துக் கடை அம்மாக்கண்ணு இட்லித் தட்டோடு வந்து பார்த்தாள். "இன்னாடா காஸ்பரு, புள்ளைக்குச் சவப்பெட்டியா செய்யற? கம்பி எதுக்கு, எழுந்து ஓடிடுமா?" என்றாள்.

உன் நைனா இருமுகிறார். ஆனாலும் போன வாரம் மேலத் தெருவில் சாவு என்று ஆள் வந்ததும் பறையை எடுத்துக்கொண்டு போனார். அவர்களும் நம்மைப் போல ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். பூசையில் அவர்கள் முன்னால், நாம் தடுப்புக்குப் பின்னால். அவர்கள் வீட்டில் யாராவது செத்தால் மட்டும் நாம் முன்னால் நடக்க வேண்டும், அடித்துக்கொண்டு.

கோயில் பெரியதனக்காரர் தோமினிக் என்னிடம் சொல்லிவிட்டார்: "யாகப்பனுக்கு அப்புறம் நீதான்டா. அவன் புள்ளதான் பட்டணம் ஓடிட்டானே."

அதற்குள் நான் இங்கிருந்து கிளம்ப வேண்டும். கையில் வேறு ஒரு தொழில் வேண்டும். சொல்லிக் கொடு.

காஸ்பர்

சென்னை, மண்ணடி
2-7-1964

அன்புள்ள காஸ்பர்,

நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. தங்கச்சி லில்லி சின்னப்பெண், அவள் சொன்னால் கேட்கமாட்டார்.

இனி பாடம். கோதுமைக் கப்பலில் வந்த கறுப்பு மாலுமி ஒருவன் எங்கள் விடுதியில் பதினோரு நாள் தங்கினான் என்று சொன்னேன் அல்லவா? அவன் பாட்டன் பருத்திக் காட்டில் அடிமையாக இருந்தவனாம். அந்தச் சனங்களின் வாசிப்புக்கு ப்ளூஸ் என்று பெயர். அவன் கிடாரும் உன்னுடையதைப் போல மட்டமானதுதான். அதனால் பயப்படாதே.

கம்பிகளைத் தளர்த்து. எதையும் அழுத்தாமல் ஆறையும் சேர்த்து மீட்டினால் சண்டை போடாமல் ஒரே குரலாகக் கேட்க வேண்டும். மேல்முனையில் கம்பிகளுக்கு அடியில் ஒரு சைக்கிள் ஸ்போக் துண்டைச் செருகு, கம்பி உயரும். கண்ணாடி பாட்டிலின் கழுத்தை அறுத்து இடதுகைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொள். அழுத்தாதே, கம்பிமேல் வழுக்கு. வலதுகைக் கட்டைவிரல் தடித்த கம்பியில் ஓயாமல் நடக்க வேண்டும். மற்ற விரல்கள் எங்கே போனாலும் அது நிற்கக் கூடாது.

நான் ராத்திரி வாசிக்கும் ஓட்டலில் கிடார்க்காரன் வருடக் கடைசியில் ஆஸ்திரேலியா போகிறான். மேனேஜரிடம் உன்னைப்பற்றிச் சொல்கிறேன்.

உன்
மரியசெல்வம்

செஞ்சி
20-9-1964

மரியசெல்வத்துக்கு,

இருமல் மருந்து பாட்டில்தான் கிடைத்தது, உன் நைனா குடித்து முடித்தது. கழுத்தில் நூலைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தி, தண்ணீரில் முக்கினேன். மூன்றாவது பாட்டில்தான் நேராக உடைந்தது. விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டேன். சுதி பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. கோயில் ஆர்மோனியத்தை நாம் தொட முடியாது. திருவண்ணாமலை பஸ்ஸின் ஆரனுக்குத் தடித்த கம்பியைச் சேர்த்து வைத்தேன். டிரைவர் மாறினாலும் ஆரன் மாறாது.

மத்தியான வேளையில் சிங்கவரம் பக்கம் மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் உட்கார்ந்து வாசிக்கிறேன். கட்டைவிரல் நிற்காமல் நடக்கிறது. அது எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று யோசித்தேன். அது என் தகப்பன் உயிரோடு இருந்தபோது சாவு வீடுகளில் அடித்த பறையடி. சின்ன வயதில் கேட்டுக் கேட்டுக் கைக்குள் போயிருக்கிறது. சந்தோஷப்படவா, கையை வெட்டிப் போடவா என்று தெரியவில்லை. இரண்டும் தோன்றவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன்.

உன் நைனா ரத்தம் துப்புகிறார். போன திங்கட்கிழமையும் அவரைக் கூப்பிட்டார்கள். நான் போய் அவருக்கு முடியாது என்று சொன்னேன். "அப்ப நீ வா" என்றார் தோமினிக். முடியாது என்றேன். மறுநாளே கடை முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமியாரிடம் போனேன். அனுசரித்துப் போ என்றார். யாரை என்று கேட்டேன், ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

தேதி சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

காஸ்பர்

சென்னை
28-11-1964

அன்புள்ள காஸ்பர்,

டிசம்பர் 12, சனிக்கிழமை மாலை நான்கு மணி. மேனேஜர் கேட்கச் சம்மதித்துவிட்டார். கிடாரைக் கொண்டுவா. அன்றைக்கு வராவிட்டால் மறுநாள் வேறொருவனை எடுத்துவிடுவார்.

ஒரு விஷயம். மண்ணடி விடுதியை விட்டுவிட்டேன். ஓட்டலிலேயே அறை கொடுத்திருக்கிறார்கள். இங்கே எனக்கு மாரியோ என்று பெயர். தாத்தா போர்ச்சுக்கீசியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிரிக்காதே. மரியசெல்வத்துக்கு இங்கே தட்டுக் கழுவும் வேலைதான் கிடைத்தது, மாரியோவுக்கு மேடை கிடைத்தது. நீ பாண்டிச்சேரிக்காரன் என்று சொல். நம் தெருவைப்பற்றி வாய் திறக்காதே. நைனா என்ற சொல்லே வரக் கூடாது.

கடிதம் எழுதினால் அந்தப் பெயருக்கு எழுது. வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம். நைனாவுக்குப் புரியாது. கிறிஸ்துமஸுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்.

உன்
ம.

செஞ்சி
18-12-1964

மரியசெல்வத்துக்கு,

உன் நைனா 11ஆம் தேதி காலையில் இறந்துவிட்டார்.

நான் சாமியாரைக் கூப்பிடப் போயிருந்தேன். லில்லி தானாகவே தபால் ஆபீசுக்கு ஓடி உனக்குத் தந்தி கொடுத்திருக்கிறாள். ஓட்டல் விலாசத்தை மட்டும் நான் முன்பே அவளிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். என்ன பெயர் போட்டாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நீ வருவாய் என்று மறுநாள் சாயங்காலம்வரை வைத்திருந்தோம். ஒவ்வொரு மெட்ராஸ் பஸ்ஸையும் போய்ப் பார்த்தேன். 12ஆம் தேதி காலை பஸ் ஒன்று மெட்ராஸுக்குத் திரும்பியது. அதில் நான் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அவர் வீட்டில் கிடந்தார், ஆண் பிள்ளை என்று வேறு யாரும் இல்லை.

கோயில் சவ வண்டி நம் தெருவுக்கு வராது. தோளில்தான் தூக்கினோம். ஊரில் எல்லாச் சாவுக்கும் அடித்தவருக்கு அடிக்க ஆள் இல்லை. நான் கிடாரை எடுத்துக்கொண்டு போனேன். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அப்போது மணி நான்கு இருக்கும். யாரும் அழவில்லை. அம்மாக்கண்ணு மட்டும், "இன்னாடா இது, அழுவுற மாதிரியும் இல்ல, சும்மா கீற மாதிரியும் இல்ல" என்றாள். மகன் போட வேண்டிய முதல் கைப்பிடி மண்ணை நான் போட்டேன்.

14ஆம் தேதி தபால்காரர் வந்தார். அப்படி ஒருவர் இந்த ஓட்டலில் இல்லை என்று தந்தி திரும்பிவிட்டதாம்.

நேற்று மேலத் தெருவில் ஒரு கிழவி செத்தாள். தோமினிக் பறையைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டு நின்றார். முதலாளி என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி வைத்துக்கொண்டார். போனேன். கை தானாக அடித்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உறையின்மேல் மாரியோ என்று எழுதுகிறேன், உன் கைக்கு வர வேண்டும் என்பதற்காக. தபால் ஆபீசில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று லில்லி நினைத்துக்கொண்டிருக்கிறாள். தபால்காரரோடு சண்டைகூடப் போட்டாள். நான் திருத்தவில்லை. உன் புதுப் பெயரை அவளிடம் நீயே வந்து சொல்.

காஸ்பர்