சீனி போடாத தேத்தண்ணி

ஐப்பசி, ஞாயித்துக்கெழம ராத்திரி

என் மக செல்விய பொண்ணு பாக்க அப்புத்தளையில இருந்து வந்தாங்க. மழையான மழை, வேன் பாதியில நின்னு தோட்டத்துல எங்க லயத்து வீடு வரைக்கும் நடந்தே வந்தாங்க, பாவம். நான் பழக்கத்துல சீனி போடாமலே தேத்தண்ணி குடுத்துட்டேன். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சீனி வருத்தம், அதான் நீரிழிவு, வீட்டுல சீனியே வாங்குறதில்ல.

மாப்பிள்ளையோட மாமா மொகத்தச் சுளிச்சாரு. சீனி தீந்துருச்சுன்னு நான் மழுப்பப் பாத்தேன், ஆனா அவரு கண்ணு எங்க ரெண்டு பேரோட சீனி மாத்திரையில விழுந்துருச்சு. "குடும்பத்துக்கே சீனியா? அப்ப பொண்ணுக்கும் வந்துருமே!"

இந்த சம்பந்தமும் போச்சுன்னு நெனச்சேன். பதுளையில ரத்தம் சோதிக்கிற எடத்துல வேல பாக்குற என் மக கதவோரமா நின்னு சொன்னா:

"மாமா, நம்ம ஒடம்புக்குள்ளயும் துரு மாதிரி புடிக்கும். அதத் தொடைக்கிற என்சைம் பொறப்புலயே ஆளுக்கு ஆள் வித்தியாசம். அது மந்தமா இருந்தா சீனி வர வாய்ப்பு கூடவாம். ஆனா வந்தே தீரும்னு இல்ல. எனக்கு சீனி இல்ல, வருசா வருசம் ரத்தம் சோதிச்சுப் பாக்குறேன். நீங்க எப்ப பாத்தீங்க?"

மாப்பிள்ளப் பையன் சிரிச்சுட்டான். "அவரு பாத்ததே இல்லங்க!"

பதில் சொல்லி அனுப்புறோம்னு போயிருக்காங்க. வந்தா வரட்டும். நான் மூடி மறைக்கப் பாத்தத என் மக தல நிமுந்து சபையில சொன்னா. வீட்டுக்காரரு "தூங்கு புள்ள"ங்குறாரு. எங்க தூங்குறது, மனசு நெறஞ்சு கெடக்கு.