தரையிலிருந்து எழுந்த பிள்ளை

என்னங்க,

உங்களுக்கு இருமல் விட்டுதா? மாமாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடுறேன்.

போன மாசம் ஒரு அம்மா தன் நாலு வயசுப் பையனை எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாங்க.

"அடிக்கடி விழுறான், மாடிப்படி ஏறச் சொன்னா அழுறான். சோம்பேறின்னு இவங்கப்பா திட்டுறார், டாக்டர்."

அவனைத் தரையில உக்கார வச்சு எழுந்திருக்கச் சொன்னேன். கையைத் தொடையில ஊன்றி, தன் மேலேயே தான் ஏறுற மாதிரி எழுந்தான். என்ன நோய்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் எடுத்த மரபணுப் பரிசோதனையும் அதையேதான் சொல்லுச்சு. தசை கொஞ்சம் கொஞ்சமா வலுவிழக்கிற பரம்பரை நோய்.

நேத்து அந்த அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"என்கிட்டேருந்தா வந்துச்சு?"

"ஆமாம்மா. ஆனா உங்க தப்பு இல்லை."

அவங்க அழுததும் பையன் மடியில ஏறிக் கண்ணைத் துடைச்சு விட்டான். நர்ஸ் மிட்டாய் காட்டியும் இறங்கலை.

என்னைத் திட்டாதீங்க. தலையில இடி விழுந்த அந்த அம்மாவைப் பார்த்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு. நான் வேலைக்காக இங்க வந்ததிலேருந்து நம்ம பாப்பா வீடியோ கால்ல என்னைப் பார்த்ததும் உங்க அக்கா தோள்ல முகத்தைப் புதைச்சுக்கறா. அவங்க அவளை நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. அதுதான் எரிச்சலா இருக்கு.

பாப்பாவோட பழைய சட்டை ஒண்ணு அனுப்புங்க, துவைக்க வேண்டாம். அவ தரையிலிருந்து எழுந்திருக்கறதையும் ஒரு வீடியோ எடுங்க. பயமெல்லாம் இல்லை, சும்மா பார்க்கத்தான். உங்க அக்காவைக் கை கொடுக்காம தள்ளி நிக்கச் சொல்லுங்க.

வார்டுல கூப்பிடுறாங்க, போறேன்.

பாப்பாவோட அம்மா