முப்பது பேருக்கும் நானே எழுதிய பதில்

குருக்கள்மடம்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மருமகள் மேனுகாவுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் ஒஸ்லோவில் சுகமாகத்தான் இருக்கிறாய், அதில் எனக்கு ஐயமேயில்லை. வாட்ஸ்அப்பில் என் கையெழுத்தின் கம்பீரம் தெரியாது என்பதால் தாளில் எழுதுகிறேன். ஓய்வு பெற்றால் என்ன, போய்ப் படியுங்க மாமா என்று நீ சொன்ன ஒரு சொல்லுக்காக அறுபத்தொரு வயதில் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தை எட்டிவிட்ட உன் மாமாவின் புகழ் இப்போது மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பரவிக் கிடக்கிறது. நல்ல புகழ் என்று நான் சொல்லவில்லை.

எங்கள் தனியார் பல்கலைக்கழகம் மட்டக்களப்பு நகரில் ஒரு இரண்டு மாடிக் கட்டடம். ஒருவன் தும்மினால் எல்லாப் பீடங்களுக்கும் தடிமன் வரும். நூலகம் இரண்டு அலுமாரி, அதில் ஒன்று பூட்டியபடி, திறப்பைக் காணவில்லை. முதல் நாள் நான் வெள்ளைச் சேட்டுடன் நுழைந்தபோது நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று குட் மோர்னிங் சேர் என்றார்கள், நானும் சக்கரவர்த்தி போலக் கையை அசைத்து இருக்கச் சொன்னேன். உண்மையான விரிவுரையாளர் ஆர்த்திகா மிஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றது பிறகுதான் தெரிந்தது. உன்னைவிட இளையவர், பார்வை மட்டும் பொலிஸ் பார்வை.

இந்தத் தவணை மூவர் மூவராக ஓர் ஆய்வு செய்யவேண்டும். என்னோடு ஏறாவூர் றிஸ்லாவும் வினோஜன் என்ற பொடியனும். வினோஜன் இந்தப் பாடத்தில் ஒருமுறை விழுந்தவன், இனியும் விழுந்தால் மூன்றாம் வருடத்துக்கு விடமாட்டார்கள். புள்ளியோ மூவருக்கும் ஒன்றுதான். வாவி மீனவர் முப்பது பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்துப் பதில் எடுக்கவேண்டும் என்றதும், கணினி வேலையை நீங்கள் பாருங்கள், மீனவரை என்னிடம் விடுங்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மீனவர் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவனல்லவா, இந்தக் கரையில் எவனாவது தன் படிவத்தைத் தானே நிரப்பியதுண்டா? பேரைச் சொல்வார்கள், கையொப்பம் வைப்பார்கள், இடையில் உள்ளதெல்லாம் நான். அந்தப் பழக்கத்தில் மத்தியானச் சோறு உண்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்தபடி முப்பதையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். ஏமாற்ற நினைக்கவில்லை மகள். அவர்களைப் பற்றி அவர்களைவிட எனக்குத் தெரியும் என்றே நம்பினேன்.

ஆர்த்திகா மிஸ் தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, ஐயா, முப்பது பேரும் எப்பிடி ‘மேற்படி விடயத்தில் ஆட்சேபனை இல்லை’ எண்டு ஒரே மாதிரிச் சொன்னவங்க என்று கேட்டார். அப்போது எனக்கு வியர்த்த வியர்வைக்கு, மாரி வெள்ளத்துக்கு வெட்டுவதுபோல வாவி முகத்துவாரத்தை வெட்டித்தான் விட்டிருக்கவேண்டும். திங்கட்கிழமைக்குள் உண்மையாகக் கேட்டு வராவிட்டால் மூவருக்கும் பூச்சியம் என்றார். வினோஜன் முப்பது தாளையும் அடுக்கி என் கையில் தந்தான், அதுதான் சுட்டது. றிஸ்லாதான், அங்கிள், நீங்க முப்பது பேரோட எங்க ரெண்டு பேரையும் கேக்காம எங்களுக்கும் சேத்தெல்லா நிரப்பிட்டீங்க என்றாள்.

நாலு நாள் மூன்று சைக்கிளில் கரை முழுக்க அலைந்தோம். கேள்வி முடியுமுன் நான் பதிலைச் சொல்லிவிடுவேன் என்று றிஸ்லா என் வாய்க்குக் காவல். பின்வீட்டு நல்லரத்தினத்தை உனக்குத் தெரியும், நாற்பது வருடம் தோணியில் போகிறவன். பன்னிரண்டாம் கேள்வி, நீந்தத் தெரியுமா. சங்கப் படிவத்தில் வருடாவருடம் அவனுக்கு ‘ஆம்’ எழுதியவன் நான். வினோஜன் கேட்டதும் அவன் வலையைப் பார்த்தபடியே, தெரியா தம்பி, தோணி ஆடுற நேரமெல்லாம் பயந்துதான் இருக்கன் என்றான். ஏன்டா இதை எனக்குச் சொல்லல்ல என்று பாய்ந்தேன். நீங்க எங்க அண்ணன் கேட்டீங்க, நீங்க எழுதினீங்க, நான் கையொப்பம் வெச்சன், மறுகா என்னத்தச் சொல்ற என்றான். என் வாய்க்கு வாழ்நாளில் முதல் விடுமுறை அன்றுதான் கிடைத்தது. முப்பது பேரில் பதினொரு பேருக்கு நீச்சல் தெரியாது மகள். என் தாள்களில் முப்பது பேரும் சுறாக்கள்.

புதிய தாள்களுக்கு அறுபத்து நாலு புள்ளி. வினோஜன் மூன்றாம் வருடத்துக்குப் போகிறான், றிஸ்லா வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்தாள், அதில் பாதியை நான்தான் ஆய்வு செய்தேன். சனிக்கிழமைகளில் வினோஜன் வந்து நல்லரத்தினத்துக்கு நீச்சல் பழக்குகிறான். நான் கரையில் நின்று கட்டளையிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியுமா என்று இன்னும் எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி உன் காரியம். நீ போய் நாலு வருடம். பிள்ளை என்னவாம் என்று உன் அம்மா கேட்கும்போதெல்லாம், நல்லா இருக்கிறாளாம் என்று நான்தான் சொல்லிவருகிறேன். போனிலும் என் பிரதாபத்தை அளப்பதோடு சரி, உன்னை எப்போது பேசவிட்டேன்? இந்தக் கடிதத்தின் தலையிலும் நீ சுகம் என்று நானே எழுதியிருக்கிறேன், பார். அந்த வரியை இப்போது பேனையால் வெட்டிவிட்டேன். இத்துடன் ஒரு வினாக்கொத்து வைக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரே கேள்வி, கீழே பக்கம் முழுக்க வெறுமை. ஆட்சேபனை இல்லை என்று எழுதினால் திருப்பி அனுப்புவேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். மாமாங்கப் பிள்ளையார் உன்னைக் காப்பார், இம்முறை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
இரண்டாம் வருடம், கடைசி வாங்கு மாணவன்,
மாமா அழகரத்தினம்