பேத்தை மீனைக் கையில் வாங்கினேன்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. அந்தமானிலிருந்து வந்து நான்கு நாள். பையைத் திறந்தால் இன்னும் கடல் வீச்சம். துவைக்க: துண்டு மூன்று, நீச்சல் உடை, அவர் சட்டைகள். இடது காது அடைப்பு. சொட்டு மருந்து இரண்டு வேளை.

கடலுக்கடியில் என்ன பார்த்தேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமை, கோமாளி மீன், திருக்கை. பேத்தை மீனைச் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மதியம் புதுவயல், எங்கள் அரிசி மில். அவர் மேஜைக்கு மேலே என் படம், கதவு அகலத்துக்கு! இரண்டு கையிலும் பந்து மாதிரி ஊதிய பேத்தை மீன், உடம்பெல்லாம் முள். முக்குளிப்புக் கண்ணாடிக்குள் என் கண் சிரிக்கிறது.

நெல் வியாபாரி ஒருவர் வாய் பிளந்து நின்றார். "உசுரோடயா பிடிச்சீக?"

"அதுவா வந்து இவ கையில உக்காந்துச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

பச்சைப் பொய். கடலுக்கடியில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அதைக் கல்லிடுக்கிலிருந்து இழுத்து, அழுத்தி அழுத்தி ஊத வைத்தான். நான் வாங்கினேன். பிறகு அவர். பிறகு கூட வந்த இருவர். படம் சரியாக விழவில்லை என்று மறுபடி நான்.

நானும் சிரித்து வைத்தேன். தூ.

மார்ச் 12, வியாழன்

வழிகாட்டி அனுப்பிய வீடியோவை இன்றுதான் கடைசி வரை பார்த்தேன். நாங்கள் விட்ட பிறகும் மீன் சுருங்கவில்லை. வயிறு மேலே பார்க்க, அலை தள்ளின பக்கம் போகிறது. செவுள் அசையவில்லை. கேமராவைப் பார்த்து விரலை வளைத்து 'ஓகே' காட்டுகிறேன் நான்.

குளியலறைக்கு ஓடினேன். கையில் அந்த வழவழப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நாத்தனார் கலா குடும்பத்தோடு ஞாயிறு அந்தமான் போகிறாள். அதே வழிகாட்டியை இவரே போனில் ஏற்பாடு செய்கிறார். "என் தங்கச்சிக்கும் அந்த மீனைப் பிடிச்சுக் குடுத்துரு தம்பி."

போனை வைத்ததும் சொன்னேன். "அது செத்துப்போச்சு. நாமதான் கொன்னோம்."

"மீனுதானே? வாரா வாரம் வாங்கித் திங்கிறோம்ல?"

"திங்கிறதுக்குக் கொன்னோம். இது விளையாடிக் கொன்னது. உங்களுக்கு அருவருப்பா இல்லியா?"

படத்துக்குக் கொடுத்த காசைப் பற்றிப் பேசினார். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

மேகமூட்டம். வெக்கை. காது பரவாயில்லை.

கலாவுக்கு முழு வீடியோவை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன்.

"என்னண்ணி இது, சோறு எறங்கல. ஊருக்குப் போற நேரத்துல ஏன் அனுப்புனீக?"

"அதைக் கையில வச்சிருக்கிறது யாருன்னு பாத்தியா?"

"நீங்கதான்."

"அவன் பிடிச்சு நீட்டுவான். உங்க அண்ணன் சொல்லி வச்சிருக்காக. நீ வாங்காத."

"தண்ணிக்குள்ள வேணாம்னு எப்படிச் சொல்றது அண்ணி?"

கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.