சொல்லாமல் வழுக்கிய கார்

ஜூலை 5, சனி இரவு

அண்ணன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், இன்று சாரலில் ஐந்தருவி வளைவில் வழுக்கிப் பழக்கடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே நாங்கள் இருவர்தான்.

"ஏட்டி, பயந்துட்டியா? வீட்டுல மூச்சு விடாத," என்றான். சிரித்துக்கொண்டே டீ வாங்க இறங்கினான்.

அப்பாவின் கார் இதற்கு முந்தைய மாடல். வழுக்கும் முன்பே சாயும், ஸ்டியரிங் இலேசாகும்; ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். இது கடைசிவரை ரோட்டை இறுகப் பிடித்திருந்துவிட்டுச் சட்டென்று விட்டுவிட்டது.

அவன் டீ வாங்கும்போது டயரைப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த தயாரிப்பு எண்ணின்படி, அது பத்து வருடத்துக்கு முன், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது செய்தது. நகத்தால் அழுத்தினேன். ரப்பர் கல் மாதிரி இறுகியிருந்தது.

"டயர் பழசுண்ணே."

"கோடெல்லாம் தேயாம அப்படியே இருக்கு. நீ என்ன பெரிய மெக்கானிக்கா?"

காலையில் அம்மாவை அதே காரில் பண்பொழி மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். சாரல் இன்னும் விடவில்லை. அப்பாவிடம் சொன்னால் காரை விற்கச் சொல்லிவிடுவார். அண்ணன் அப்புறம் என்னிடம் பேசவே மாட்டான்.

சாவியை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதிலுள்ள பட்டன் அமுங்கினால் வாசலில் கார் கத்தும். அதனால் புரளாமல் படுத்தே எழுதுகிறேன். ஐந்து மணிக்கு அவன் தேடுவான். அப்போது அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்; டயரைப் பற்றி அவள் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.