வெள்ளிப் பூச்சும் விதைச் சாமையும்

16-6-82, புதன்

விடியலிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம். அக்காவின் கடிதம்: ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு வேலூரிலிருந்து வருகிறாளாம். "மலைமேல இருக்கிற வாத்தியாருக்கா குடுத்தாங்க உன்ன?" என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்டவள். இந்த ஒற்றை அறையை அவளுக்கு எப்படிக் காட்டுவது?

ஜன்னல் திரை: பழைய வாயில் புடவை, இரண்டாகக் கிழிக்க.
டிரங்குப் பெட்டி: அதே புடவை மிச்சத்தால் மூட.
தொம்பை: ???

தொம்பை வீட்டுக்காரம்மாவுடையது. மூங்கிலில் பின்னி சாணி மெழுகிய தானியக் குதிர், ஆள் உயரத்துக்கு மூலையில் நிற்கிறது. உள்ளே விதைச் சாமை. அது அங்கேதான் இருக்கும் என்று சொல்லித்தான் அறையே கொடுத்தார்கள்.

17, வியாழன்

அவர் பள்ளிக்கூடம் போனதும் ஆரம்பித்தேன். சைக்கிளுக்கு வாங்கிய சில்வர் பெயிண்ட், நிறைய மண்ணெண்ணெய், மூட்டைப்பூச்சி மருந்தடிக்கிற பம்பு. புடவைமேல் இலைகளைப் பரப்பி அடித்தேன். இலையை எடுத்தால் அந்த இடம் மட்டும் பூசாமல் அழகாக நிற்கிறது. என் கண்ணே பட்டுவிடும்.

பிறகு தொம்பை. அதோடு நிறுத்தியிருக்கலாம், புத்தி எங்கே போயிற்று. விளிம்புக்கு அடிக்க மூடியைத் தூக்கினேன். பம்பின் டப்பா கழன்று, இருந்தது அத்தனையும் உள்ளே கொட்டிவிட்டது. வெள்ளியாகத் தெரிந்ததை நாலு கை அள்ளிக் குப்பைக்குழியில் போட்டு மண் தள்ளினேன். மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்.

20, ஞாயிறு

வந்தார்கள். அக்கா திரையைத் தடவிப் பார்த்து, "பரவால்லியே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனையும். வீட்டுக்காரம்மா பலாச்சுளை கொண்டுவந்தார். தொம்பையைப் பார்த்து, "நம்ம தொம்ப தேராட்டம் கீதே, வாத்தியாரம்மா!" என்று ஒரே சந்தோஷம். என் பங்குச் சுளையை அக்கா தட்டில் வைத்துவிட்டேன். மாலை பஸ்ஸுக்கு இருவரையும் அனுப்பினோம்.

22, செவ்வாய்

நல்ல மழை. நாளை விதைப்பு என்று தொம்பையைத் திறந்தார்கள். வீட்டுக்காரம்மாவின் மருமகள் சின்னப்பொண்ணு மேலிருந்து முறத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். மாமியார் மோந்து பார்த்தார்.

"மண்ணெண்ண நாத்தம்! அன்னிக்கி வெளக்க வச்சிகினு கைய வுட்டியே, ஊத்திட்டியாடி?"

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். "ஆமா அத்தே. சாஞ்சிபூட்ச்சி."

பளாரென்று ஓர் அறை. "வெதைக்கு யார் வூட்டு வாசல்ல போயி நிக்கிறது?" என்று அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நானெல்லாம் ஒரு மனுஷியா.

வெளியே அடித்த பெயிண்டில் மண்ணெண்ணெய் இருக்கும் என்றுகூட அந்தம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அவள் ஏன் ஆமாம் என்றாள்?

23, புதன்

மழை விட்டிருக்கிறது. வீட்டுக்காரம்மா விதை கேட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார். சின்னப்பொண்ணு வந்தாள். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளி ஒட்டிய சாமை, ஒரு பிடி.

"நேத்து அள்ளறப்பவே, அத்த கண்ல படறதுக்குள்ள பொறுக்கிட்டேங்க்கா. தெரிஞ்சா வூட்ட காலி பண்ணச் சொல்லும். வாத்தியாரு பூடுவாரு. முன்ன வந்தவரு மூணே மாசத்துல பூட்டாரு. எம் புள்ள இப்பத்தான் பேரு எழுதறான்."

அத்தை வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"வாணாங்க்கா" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன். அவளை இன்னொரு தடவை சொல்ல வைக்கவில்லை.